பாப்பாவின் கூண்டு

ஜூன் 9

பயிற்சிக்கு என் பெயர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பரண் மேலிருந்த கால்நடை மருத்துவக் கல்லூரிப் பெட்டியை இறக்கினேன். கோழி நோய்களைப் பற்றிய புத்தகத்துக்குள் ஒரு பல்லி செத்துக் காய்ந்து, இரண்டு பக்கங்களை ஒன்றாக ஒட்டிப்போட்டிருந்தது. ஸ்கேலால் சுரண்டினேன். வால் மட்டும் 'ஈரல்' என்ற தலைப்பின் மேல் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்படியே மூடிவிட்டேன். ஈரலை மனப்பாடமாகப் படித்தாயிற்று, பாதகமில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் பயிற்சி. எழுத்துத் தேர்வு, வாய்மொழி, கடைசியில் ஏதாவதொரு பண்ணையில் செய்முறை. தேறினால் அரசு அங்கீகாரம். அது இருந்தால் பண்ணைகளுக்கு நானே போய் ரத்தமும் முட்டையும் மாதிரி எடுத்து லேப்புக்கு அனுப்பலாம். கோழிக்கு நோயில்லை, முட்டையில் மருந்து மிச்சமில்லை என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் முட்டை லோடு வெளியூர் போகும்.

மாமனார் யார் யாருக்கோ போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்டுக்கே ஒரு கையெழுத்து வந்துருச்சுங்கறேன். இனி எவன் வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேண்டீதில்லைங்."

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டதோடு சரி. அதற்குப் பிறகு நான் டாக்டராக இருந்தது, அத்தை முழங்காலுக்கு என்ன தைலம் நல்லது என்று கேட்ட அன்று மட்டும்தான். ஆட்டுக்குப் போடுகிற தைலத்தைச் சொன்னேன். வலி கேட்டது என்றார்.

இந்த முறை விடமாட்டேன்.

ஜூன் 11

நிறைமதிக்கு எட்டு மாதம். மஞ்சள் கரு ஆரம்பிக்கலாம் என்று குழந்தை டாக்டர் சொல்லிவிட்டார்.

முட்டையை வேகவைத்து, உரித்து, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊட்ட முடியவில்லை. நேற்று இவர் (என் வீட்டுக்காரர் நவநீதன்) எங்கள் கோழிப்பண்ணை ஷெட்டுக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கொட்டிக் கலக்குவதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். கோழிகளுக்குச் சளி பிடித்திருக்கிறதாம். கோழிக்குக் கொடுக்கிற ஆண்டிபயாடிக் முட்டைக்குள் வரும். மருந்தை நிறுத்தி, அது உடம்பைவிட்டு வெளியேறுகிறவரை முட்டையை விற்கக் கூடாது. முதல் வருடப் பாடம். இன்று காலை லாரி வழக்கம்போலப் போயிற்று.

வேகவைத்த முட்டையைக் குப்பையில் போட்டேன். விரலில் அந்த வாடை. சோப்பு போட்டும் போகவில்லை.

இவரிடம் கேட்டேன். "ஏனுங், பாப்பாவுக்கு மட்டும் தனியா நாலு கோழி வெச்சுக்கலாமா? மருந்தில்லாம, போர்த் தண்ணி குடுத்து."

"நாலு என்ன புள்ள, நாப்பது வெக்கிறேன்."

சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் பின்னால், புளியமரத்தடியில் கூண்டு எழும்பிவிட்டது. புதிதாக முட்டைக்கு வந்த கோழிகளிலிருந்து இவரே பார்த்துப் பார்த்துப் பிடித்து வந்தார். தீவனம் நான் சொல்கிறபடி: மக்காச்சோளம், கம்பு, புண்ணாக்கு. நெருக்கமில்லாமல் விசாலமாக வைத்தோம். நல்ல மனுஷன். கேட்டதும் செய்வார்.

அத்தை அதற்குப் பெயரே வைத்துவிட்டார். பாப்பா கூண்டு.

ஜூன் 17

பிணப் பரிசோதனை கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. காலையில் ஷெட்டிலிருந்து செத்த கோழிகளை வாரிக்கொண்டு வந்து கோணிமேல் போடச் சொன்னேன். வெள்ளைக் கோழிகள், எல்லாவற்றுக்கும் கழுத்து மொட்டை. தீவனத் தட்டுக்கு நீட்டி நீட்டிக் கம்பியில் உரசி இறகெல்லாம் போய், கழுத்து சிவப்புத் தோலாகத் தெரியும். ஷெட்டுக் கோழி என்றால் அப்படித்தான்.

முதல் கோழியைக் கீறியதும் வயிறு முழுக்க மஞ்சள் கட்டி. முட்டை வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உடைந்து, வெந்தது போல உறைந்து, அழுகியிருந்தது. அந்த நாற்றம் மூக்கில் நுழையவில்லை, நாக்கில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் பாப்பா அழுகிற சத்தம். எனக்குப் பால் சுரந்துவிட்டது. கோட்டின் முன்பக்கம் நனைந்தது. கையுறையில் கோழி ரத்தம், தொட்டுத் துடைக்கவும் முடியாது. கோழியைவிட்டு ஈக்கள் என் மார்புக்கு வந்தன.

அப்படியே நின்றேன். பிறகு குடலையும் பிரித்துப் பார்த்து எழுதிவிட்டுத்தான் போனேன். குளித்து, தலைக்கு ஊற்றி, மறுபடி குளித்து, அதன்பிறகு பால் கொடுத்தேன். பாப்பா மார்பை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 18

இன்று முகம் திருப்பவில்லை. நன்றாகக் குடித்தாள். மலம் சரியான நிறம்.

ஜூன் 24

பெனாசிர் போன் பண்ணினாள். கல்லூரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். சேலத்தில் நாய், பூனை பார்க்கிறாள். அவளும் பயிற்சிக்கு வருகிறாள்.

"ஏன்டி, பொமரேனியனுக்கு நகம் வெட்டிட்டு நிம்மதியா இருந்தவ உனக்கு எதுக்குக் கோழி?"

"பொமரேனியன் கடிக்குதுடி. செத்த கோழி கடிக்காது."

பழைய வினாத்தாள்களை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம். மருந்து மிச்சம் பற்றி ஒரு கேள்வி வந்தது. அவள் சும்மா கேட்டாள்: "உங்க வீட்ல அவ்வளவு பெரிய பண்ணை. லேப் ரிசல்ட் எல்லாம் ஒழுங்கா வந்துடுமா?"

"இதுவரைக்கும் ஒண்ணுகூட மாட்டினதில்ல."

"எப்படிடி?"

"நல்ல பராமரிப்பு" என்றேன்.

சொல்லிவிட்டு, பாப்பா அழுகிறாள் என்று போனை வைத்தேன். அவள் அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 2

தங்கவேலு அண்ணன் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பண்ணை அவருடையது. மகன் கிஷோர் போன வருடம்தான் படிப்பை முடித்த கால்நடை டாக்டர். அவனும் பயிற்சிக்கு வருகிறான்.

சொந்தக் குடும்பப் பண்ணைக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. நான் அதைச் சொன்னதும் மாமா சிரித்தார்.

"அதுக்குத்தான கண்ணு இன்னிக்குக் கறி எடுத்தது."

தங்கவேலு அண்ணன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "உங்க மருமக எங்குளுக்குப் போடட்டும். எங்க பையன் உங்குளுக்குப் போடுவான். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறாப்பல."

"சீர்செனத்தி எல்லாம் உண்டுங்களா?" இது இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கிஷோர் என்னைப் பார்த்து, "அக்கா, என்னைக் கைவிட்றாதீங்க" என்று கும்பிட்டான். நானும் சிரித்தேன். விதிப்படி தப்பில்லைதானே. அவர்கள் வேறு குடும்பம்.

தங்கவேலு அண்ணனின் முழங்கைவரை குழம்பு வழிந்து மேசைமேல் சொட்டியது. சொட்டின இடத்தை விரலால் வழித்து நக்கினார். அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது என்று அத்தை அதட்டினார். மோர் ஊற்றி விழுங்கினேன்.

ஜூலை 9

பாப்பா கூண்டுக் கோழிகளில் நான்கைந்துக்கு இறக்கைக்கு அடியில் நீலம் பாரித்திருக்கிறது. ஏதாவது பூச்சி கடித்திருக்கும். மஞ்சள் தடவிவிட்டேன்.

கழுத்து இறகு ஒன்றும் உதிரவில்லை. விசாலமாக வைத்தால் கோழியே அழகுதான்.

ஜூலை 10

இன்னும் மூன்றுக்கு நீலம். மஞ்சள் தடவினேன். படிக்க ஓடவில்லை.

ஜூலை 15

காலையில் பாப்பாவுக்கு முட்டை எடுக்கப் போனேன். கூண்டுத் தட்டு காலி. அத்தையிடம் கேட்டேன்.

"இன்னிக்கு இல்ல கண்ணு. லேப்புக்குப் போயிருச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்."

"நம்ம கூண்டு முட்டையா?"

"அதானே எப்பவும் போறது. ரத்தமும் அதுங்ககிட்டதான் டாக்டருங்க வந்து எடுக்கறாங்க. நீ உள்ள படிச்சிட்டிருப்ப, சத்தம் போடாதீங்கனு உன்ற வீட்டுக்காரன் சொல்லுவான்."

அத்தையின் முகத்தில் கள்ளம் கிடையாது. பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, முறத்தை வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லதத்தான கண்ணு காட்டோணும். பொண்ணு பாக்க வாரப்ப கிழிஞ்ச சீலையக் கட்டீட்டா நிக்கிறோம்?"

ஊசித் தடம் எனக்குத் தெரியாதா. இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்தால் அந்த இடத்தில்தான், அந்த நிறத்தில்தான் கன்றும். கல்லூரியில் எத்தனை கோழிக்கு எடுத்திருப்பேன். மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மஞ்சள் குழைத்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஜூலை 16

இவரிடம் கேட்டேன். இவர் மறைக்கவில்லை.

"நீ தான புள்ள கேட்ட, மருந்தில்லாம தனியா வேணும்னு. சும்மா கெடக்கற கோழிதான, எடுத்துக்கிட்டோம்."

"இந்தக் கூண்டுக்கு முந்தி?"

"முந்தி மூலை வரிசைக்கு மட்டும் தனித் தண்ணி விட்டிருந்தோம். அதுல அப்பப்போ குழாய் கலந்து போயிடும், பயமா இருக்கும். உன்ற கூண்டு வந்ததுல இருந்து அந்தத் தலவலி இல்ல. நீ வெச்ச தீவனம், ரிசல்ட் கண்ணாடி மாதிரி வருது. அப்பா உன்னையத்தான் மெச்சிக்கிறாரு."

"ஷெட்டு முட்டையில மருந்து இருக்குதுங்க."

"மருந்து குடுக்கலைனா கோழி இருக்காது. இருந்தாத்தான நீ டாக்டரு?" சிரித்தார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, "பயிற்சிய முடிச்சிட்டு வா. அதுக்கப்பறம் எது எப்படினு நீயே சொல்லு, கேக்கறோம். இப்ப எதுக்கு மனசப் போட்டு ஒழட்டிக்கற? பால் வத்திப் போகும்."

என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டார். ஒவ்வொரு விரலாக நீவி நெட்டி எடுத்தார். கையில் தீவன வாடை, மீன்தூளும் தவிடும் கலந்தது. கல்யாணமான நாளாக உள்ள வாடைதான். இன்று பாதத்தை உதறி விடுவித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேன்.

அரசாங்கம் சோதிப்பது என் மகள் சாப்பிடுகிற முட்டையை. லாரியில் போவதை யாரும் சோதிக்கவில்லை. இதை ஒரு தரம் எழுதிப் பார்க்கத்தான் இன்று நோட்டைத் திறந்தேன்.

ஜூலை 17

பாப்பாவுக்குக் கூண்டு முட்டைதான் கொடுத்தேன். வேறு எதைக் கொடுப்பேன்.

ஜூலை 22

பண்ணையில் முட்டைத் தட்டு அடுக்குகிற வாசுகி தன் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பாப்பாவைவிட நான்கு மாதம் பெரியவன். உடைந்த முட்டைகளைப் பண்ணை ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கள் பக்கம் அது வழக்கம். உடைசல் என்பார்கள். மாமா அதில் தாராளம், எண்ணிப் பார்க்க மாட்டார். 'தருமம்' என்பார்.

வாசுகி டிபன் டப்பாவைத் திறந்து அவித்த முட்டையைப் பிட்டு அவனுக்கு ஊட்டினாள். அவன் இரண்டு கையையும் நீட்டினான். வாயோரம் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டது. அவள் அதைக் கட்டைவிரலால் துடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"சோறுனா துப்பறானுங்க டாக்டரம்மா. முட்டைன்னா போதும். எல்லாம் உங்க வீட்டுப் புண்ணியமுங்க."

"தினமும் குடுக்கறியா?"

"ரெண்டு வேளையுமுங்க. சத்துத்தானுங்களே?"

என்னைக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே டாக்டர் நான்தான். ஷெட்டில் அன்று மூன்றாம் நாள் மருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"பருப்பும் சேத்துக் குடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஷெட்டிலிருந்து திரும்பி வரும்போது என்னிடமிருந்தே ஏதோ வாடை அடிப்பது போல இருந்தது. கழுத்தை முகர்ந்து பார்த்தேன், தோளை முகர்ந்து பார்த்தேன். பவுடர் வாசனைதான்.

ஜூலை 30

பெனாசிரோடு கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டினோம். எனக்கு எல்லாம் மனப்பாடம். எங்கே கேட்டாலும் சொல்வேன். பாடத்தில் தோற்க மாட்டேன்.

பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எந்த டப்பாவில் என்ன, எத்தனை சூட்டில், தும்மினால் என்ன செய்வது, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "உன்ற புருசனை நான் எப்படி வளத்தேன்னு எனக்கே மறந்துருச்சு கண்ணு, நல்ல வேளை எழுதி வெச்ச" என்றார்.

ஆகஸ்ட் 4

விடுதி அறையில் மெத்தைக்கு மேல் என் சேலையை விரித்துப் படுக்கிறேன். வாளியில் யாருடைய முடியோ சுருண்டு கிடக்கிறது. பாலைப் பிழிந்து பாத்ரூமில் ஊற்றுகிறேன். எறும்பு வந்துவிட்டது. வெள்ளையாக ஓடுகிறதைப் பார்க்க அருவருப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

பயிற்சி கொடுக்கிற அருள்ஞானம் சார் நல்ல ஆசிரியர். சத்தம் போடாமல் பேசுவார். இன்று மாதிரி எடுக்கும் முறை. "பண்ணைக்காரர் பிடித்துக் கையில் கொடுக்கிற கோழியை எடுக்காதீர்கள். நீங்களே உள்ளே போங்கள். நடுவிலிருந்து, கடைசியிலிருந்து, நோஞ்சானாக நிற்பதிலிருந்து எடுங்கள்" என்றார்.

பின் பெஞ்சில் யாரோ, "உள்ள விட்டாத்தானே சார்" என்றார்கள். அறையே சிரித்தது. சாரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

ஆகஸ்ட் 6

செய்முறைக்கு எங்களைப் பிரித்துப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் குழுவுக்கு வந்தது தங்கவேலு அண்ணன் பண்ணை. கிஷோருக்கு வேறு பண்ணை போட்டுவிட்டார்கள்.

அண்ணன் வாசலிலேயே இளநீரோடு நின்றார். ஷெட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே, வேப்பமரத்தடியில் ஒரு கம்பிக் கூடையில் கோழிகள் தயாராக இருந்தன. "உள்ள சூடுங்க, பொம்பளப் புள்ளைங்க எல்லாம் இருக்கறீங்க, அதான் வெளியவே கொண்டாந்துட்டேன்."

அருள்ஞானம் சார் வேறொரு குழுவைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கினார். ஒவ்வொருவராக ரத்தம் எடுக்கச் சொன்னார். என் முறை வந்தது. கூடையைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கழுத்து நிறைய இறகு. வெள்ளைவெளேரென்று, மடிப்பு கலையாத கழுத்து. ஷெட்டில் ஒரு நாள்கூடத் தீவனத் தட்டுக்குக் கழுத்தை நீட்டியிருக்காத கோழிகள்.

சொல்லியிருக்கலாம். 'சார், இது ஷெட்டுக் கோழி இல்லை, கழுத்தைப் பாருங்கள்.' அவ்வளவுதான். வாயைத் திறந்தேன்கூட. தங்கவேலு அண்ணன் எனக்கு நேரே நின்று, வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போலச் சிரித்தார். "தமயந்தி எங்க ஒறம்பரைப் புள்ள, சொந்தம் மாதிரிங்க சார்."

இறக்கையை விரித்தேன், இறகை விலக்கினேன், நரம்பு தெரிந்தது, ஊசி இறங்கியது. ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

"கை நடுங்கவே இல்லை. வெரி குட்" என்றார் சார். முழு மதிப்பெண்.

திரும்பும்போது வேனை நிறுத்தச் சொல்லி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தேன். இளநீர் மட்டும்தான். பெனாசிர் முதுகைத் தடவிக்கொண்டே, "என்னடி, மறுபடியுமா?" என்றாள்.

"சீ, அதெல்லாம் இல்ல."

"அப்ப என்ன?"

"வெயில்."

ஆகஸ்ட் 8

வீட்டுக்கு வந்தேன். பாப்பா அத்தையின் தோளிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, யாரோ என்று முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு வந்தாள். கனத்திருக்கிறாள். கன்னம் உப்பியிருக்கிறது.

"தெனமும் முழு முட்டை. கூண்டு முட்டை" என்றார் அத்தை பெருமையாக.

ஆகஸ்ட் 19

தேறிவிட்டேன். அங்கீகார எண் வந்துவிட்டது. கிஷோருக்கும் வந்துவிட்டது. பெனாசிருக்கு எழுத்துத் தேர்வில் போய்விட்டது. "பொமரேனியன் சாபம்" என்றாள்.

மாமா ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்து என் கையில் வைத்தார். என் பெயர், எண், படிப்பு. மைப்பெட்டியும் அவரே வாங்கிவந்திருந்தார். "நாளைக்குக் காலம்பற கிஷோர் வாரான், நம்மளுக்குச் சாம்பிள் எடுக்க. நாளான்னிக்கு நீ அங்க போற. லாரி சொல்லியாச்சு."

முத்திரையைத் தாளில் ஒற்றிப் பார்த்தேன். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறைத்து என்ன. தமயந்தி என்று நான்கைந்து முறை ஒற்றினேன்.

இவர் கூண்டுப் பக்கம் போய்க் கோழிகளைக் கழுவிவிட்டு வந்தார். காலெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 20

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

கிஷோர் காலையில் பனிப்பெட்டியோடு வந்தான். வேலைக்கு முன்னால் டிபன். அதுதான் முறை. மாமா மேசையின் தலைப்பக்கத்தில், கிஷோர் அவருக்கு எதிரில், இவர் எனக்குப் பக்கத்தில். பாப்பா என் மடியில். அத்தை பணியாரம் ஊற்றி ஊற்றி எடுத்து வந்தார்.

நான் காலையிலேயே ஷெட்டுக்குப் போய், லாரிக்கு அடுக்கிவைத்திருந்த தட்டிலிருந்து ஒரு முட்டை எடுத்துவந்து வேகவைத்திருந்தேன். தொட்டியில் இன்றைக்கும் மருந்து. கிண்ணத்தில் போட்டு, மஞ்சள் கருவைக் கரண்டியால் மசித்தேன். கொஞ்சம் பால் விட்டுக் குழைத்தேன். எல்லாம் எப்போதும் செய்கிறதுதான்.

"கண்ணு, கூண்டு முட்டை இன்னும் எடுக்கலியே" என்றார் அத்தை. "கிஷோர் தம்பிக்குனு விட்டு வெச்சிருக்குது."

"இது ஷெட்டு முட்டைங் அத்தை. லாரில போறது."

அடுப்படிக்குத் திரும்பிய அத்தை நின்றுவிட்டார். மாமா பணியாரத்தைப் பிட்ட கையோடு தலையைத் தூக்கினார். நான் யாரையும் பார்க்கவில்லை. பாப்பா வாயைத் திறந்து காத்திருந்தாள். அவளுக்குக் கரண்டி தெரிந்தால் போதும், இரண்டு கையும் மேலே போகும்.

கரண்டியைக் கொண்டுபோனேன்.

"அம்மிணி" என்றார் மாமா. "அது வேண்டாம்."

"ஏனுங் மாமா?"

"வேண்டாங்கறேன்ல."

"ரிசல்ட் கண்ணாடி மாதிரி வருதுங்களே. இப்ப கிஷோரும் நல்லாருக்குதுன்னு கையெழுத்துப் போடப் போறான்."

கரண்டி அவள் உதட்டுக்குப் பக்கத்தில் போயிற்று. மாமா மேசைக்குக் குறுக்கே எழுந்து என் கையைத் தட்டிவிட்டார். கரண்டி சுவரில் போய் அடித்தது. தண்ணீர் டம்ளர் சாய்ந்து மேசையெல்லாம் ஓடியது. பாப்பா வீறிட்டாள். அவருக்கு மூச்சு வாங்கியது. வேட்டியெல்லாம் மஞ்சள் கரு.

"பச்சப் புள்ளைக்குடீ" என்றார். என்னை அவர் 'டீ' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, எதிரில் கிஷோர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

கிஷோர் இலையைப் பார்த்தபடி இருந்தான். கையைக் கழுவவில்லை, சாப்பிடவும் இல்லை.

நான் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னேன்: "வாசுகி பையன் தெனமும் ரெண்டு வேளை சாப்பிடறானுங் மாமா. அவனுக்கு யாரும் தட்டிவிடலீங்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா உட்கார்ந்தார். வேட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்துப் பார்த்தார். நக்கவில்லை, சாய்ந்து கிடந்த டம்ளரின் விளிம்பில் தேய்த்தார். "கிஷோரு, இன்னிக்குச் சாம்பிள் வேண்டாம். நீ போய்ட்டு இன்னொரு நாளைக்கு வா" என்றார். இவரைப் பார்த்து, "லாரிய வேண்டாம்னு சொல்லு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொட்டியில் மருந்து கலப்பதை நிறுத்தியதை மட்டும் மாடியிலிருந்து பார்த்தேன்.

கிஷோர் பனிப்பெட்டியைக் காலியாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நாளைக்கு எங்க பண்ணைக்கு வருவீங்களா?"

"வர்றேன். வேப்பமரத்தடிக்கு இல்ல, ஷெட்டுக்கு. அப்பாகிட்டச் சொல்லிரு."

"சொன்னா, வர வேண்டாம்பாரு."

"அப்ப வரல."

அவன் தலையாட்டினான். சரி என்பதற்கா, தெரியும் என்பதற்கா என்று புரியவில்லை.

வாசுகியை நானே தேடிப் போனேன். உடைசல் இனி வேண்டாம், பையனுக்கு ஆகாது என்றேன். "என்னுங்க ஆகாது? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? எண்ணிக்கை தப்புதுனுங்களா?" என்று பயந்துவிட்டாள். உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில், "இத்தன நாளும் உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் மாடியில் பாப்பாவின் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து கொடியின் அந்தப் பக்கம் நின்றார். காலையிலிருந்து என்னோடு பேசியிருக்கவில்லை. ஒரு சட்டையை எடுத்துச் சரியாக மடித்துக் கொடுத்தார்.

"அப்பா பயந்துட்டாரு" என்றார். "அவருக்கு உன்னையத் தெரியல."

"நீங்க எனக்குப் பக்கத்துலதான இருந்தீங்க. எட்டுற தூரம். உங்க கை ஏன் வரலீங்?"

சிரித்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் தெளிவு. "நீ குடுக்க மாட்டேனு எனக்குத் தெரியும் புள்ள."

கையிலிருந்த துணியைக் கூடையில் போட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்" என்றேன்.